ரிவர்ஸ் போடும்போது வரும் சத்தம்

சாயங்காலம் முன்முற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் அவளுடைய கால் தையல் மெஷினின் பெடலில் அப்படியே நின்றுவிடும். ஒரே ஒரு 'டொம்'. கதவு நிலை லேசாக அதிரும். அலமாரிக் கண்ணாடி ஒரு தரம் நடுங்கி அடங்கும். அதற்குள் அவள் பாதி எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்து, 'வந்துட்டார்' என்று நினைத்தும் முடித்திருப்பாள். அப்புறம்தான் நினைவு வரும், அவர் வர மாட்டார் என்று. திரும்ப உட்கார்ந்து பார்த்தால் மெத்தை உறையில் தையல் கோணலாகப் போயிருக்கும். கணவன் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. தினமும் ஒரு உறையைப் பிரித்துத் தைப்பது அவளுடைய காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அந்தச் சத்தம் பிக்கப் வண்டியினுடையது. அடுத்தடுத்து இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பழைய வண்டியை மூன்றாவதாக வாங்கியவர் அவள் கணவர். மெத்தைக் கடைகளிலிருந்து வீடுகளுக்கு மெத்தை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில், உறை தைப்பது அவள் தொழில். வண்டி ஆட்டோமேட்டிக். கிளட்ச் மிதிக்கிற வேலையே கிடையாது, மடியில் பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று வாங்கிய அன்று பெருமை அடித்துக்கொண்டார். ஆனால் கேட்டுக்குள் நுழைந்து, ஷெட்டுக்குள் பின்பக்கமாக விட ரிவர்ஸ் போட்டால் வீடே அதிரும்படி ஒரு இடி இடிக்கும். "கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?" என்று அவள் கத்தினால், "அதுக்கு வயசாயிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?" என்பார். தன் தப்பை எதன் தலையில் கட்டலாம் என்று தேடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவர் ஒரு காலையில் சட்டை போட உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஒரு கை சட்டைக்குள் இருந்தது, இன்னொரு கை வெளியே இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. அதை எத்தனை தரம் யோசித்தாலும் அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது.

வண்டியை அவர் தம்பி எடுத்துக்கொண்டான். வீட்டில் அவனுக்குப் பெயர் சின்னவன், அண்ணனுக்குப் பெரியவன். மாமியார் இரண்டு பிள்ளைகளையும் வேறு பெயரில் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. சின்னவன் அண்ணனைப் போல வாயாடி இல்லை. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் தலையைச் சொறிந்து முடித்துவிடுவான். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அண்ணன் போன வழியிலேயே போனான், அண்ணன் வந்த நேரத்துக்கே வந்தான். அவன் முற்றத்தில் ரிவர்ஸ் போட்டாலும் அதே 'டொம்' வந்தது.

அந்தச் சத்தம் கேட்டால் மாமியாரும் எழுந்திருப்பார். பகல் முழுக்கப் பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனுஷி, சத்தம் வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்தபடி சமையலறைக்கு வந்து, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். அன்றைக்கு அவர் சாப்பிடுகிற ஒரே சாப்பாடு அதுதான். அவரும் தன்னைப் போலத்தான் ஏமாந்து எழுகிறார் என்று மருமகள் நினைத்தாள். இரண்டு பேர் ஒரே சத்தத்துக்கு ஏமாறும் வீட்டில் எப்படி இருப்பது?

"அங்கேயே கிடந்து பைத்தியம் பிடிச்சுப் போகாதே. என்கிட்ட வந்துடு. மெஷின் இங்கேயும் தைக்கும்" என்றாள் வேறு ஊரில் இருக்கும் அக்கா, போனில். வாராவாரம் சொல்வதுதான்.

"கியர் பாக்ஸை மாத்தப் போறோம் அக்கா. மாத்தினா சத்தம் போயிடும். அப்பவும் போகலைன்னா வந்துடறேன், சத்தியமா."

மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. போன வாரத்திலிருந்து ரிவர்ஸ் சரியாகப் பிடிக்கவில்லை. இஞ்சின் அலறும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும், அப்புறம் திடீரென்று ஒரு உதை உதைத்துப் பின்னால் போகும். இந்த விஷயத்தில் சின்னவன் நடந்துகொண்டதுதான் விசித்திரம். "ரிவர்ஸ் மட்டும்தானே அண்ணி. முன்னாடி நல்லாத்தானே போகுது. இதுவே ஓடட்டும்" என்றான். ரிவர்ஸ் இல்லாத வண்டியை எங்கே எப்படித் திருப்புவாய் என்று கேட்டால் தலையைச் சொறிந்தான். கடைசியில் அவளேதான் மெக்கானிக்கைத் தேடிப் போனாள்.

மெக்கானிக்குக்குத் தும்மல் என்று பெயர். கருகிய கியர் ஆயில் வாசனை பட்டால் அவருக்குத் தும்மல் வரும். எத்தனை தும்மல் வருகிறது என்பதை வைத்தே கோளாறு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளலாம் என்று வண்டிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் கோபம் இல்லை, ஒர்க்ஷாப் பலகையிலேயே அந்தப் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார். இவர்கள் வண்டியின் ஆயில் குச்சியை உருவி முகர்ந்தவர் அடுக்கடுக்காகத் தும்மிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "புதைக்க வேண்டியதுதான் தங்கச்சி" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். "கியர் பாக்ஸைச் சொன்னேன்" என்று அவசரமாகச் சேர்த்தார்.

முன்பக்கம் நொறுங்கிய அதே மாதிரி வண்டி ஒன்று, பழைய வண்டி உடைக்கும் இடத்துக்கு வந்திருந்தது. அதன் கியர் பாக்ஸைத் தும்மலே போய்ப் பார்த்து, அடித்தட்டைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு ஆயிலைத் தேய்த்துப் பார்த்து, தும்மாமல் திரும்பி வந்தார். இதைவிடப் பெரிய சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

வேலை நடந்த அன்று தும்மலின் உதவியாள் வரவில்லை. சின்னவன் வாடகை வண்டி பிடித்து மெத்தை இறக்கப் போயிருந்தான். போகிற அவசரத்தைப் பார்த்தால் மெத்தை ஓடிப்போய்விடும் போலிருந்தது. "நான் கூட நிக்கறேன் அண்ணே" என்றாள் அவள். அந்தச் சத்தத்தைப் பிடுங்கி எடுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெறி.

வண்டியைத் தூக்கி நான்கு தாங்கிகளின் மேல் நிறுத்தி, தும்மல் அடியில் போய்ப் படுத்தார். கறுத்த ஆயிலை வடித்தார். பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார், திரும்ப மாட்டும்போது அதே கோடு சேர வேண்டுமாம். ஆயில் குழாய்கள், வயர்கள், கியர் கம்பி எல்லாம் ஒவ்வொன்றாக விட்டு விலகின. இஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கும் கன்வர்ட்டரின் போல்ட்டுகள் மட்டும் ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் எட்டும். ஒன்றைக் கழற்றினால், இஞ்சினைக் கையால் சுற்றி அடுத்ததை ஜன்னலுக்கு எதிரே கொண்டுவர வேண்டும். அந்தச் சுற்றுகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. பானெட்டுக்குள் குனிந்து, நீளக் கைப்பிடி போட்ட ஸ்பேனரை அவள் இழுக்க, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும்!" என்று தரையிலிருந்து குரல் வந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. நிறைய நாளைக்குப் பிறகு அவளுக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு பேயைக் கட்டிப்போட்டிருக்கிற கயிறுகளை அறுத்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று தோன்றியது.

பழைய கியர் பாக்ஸ் ஜாக்கியின் மேல் உட்கார்ந்து கீழே இறங்கி வெளியே வந்தது. தும்மலும் கூடவே ஊர்ந்து வெளியே வந்தார். கையில் கிழிந்த ரப்பர் கட்டை ஒன்று.

"இதைப் பாரு தங்கச்சி. கியர் பாக்ஸ் உக்கார்ற ரப்பர். பிச்சுக்கிட்டுப் போயிருக்கு."

"வயசாயிடுச்சு. அவரும் அதான் சொல்லுவார்."

"வயசா? இதை உன் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் நான்தான் புதுசா மாட்டினேன். ஒரு வருஷம்கூட ஆகலை." மூக்கை இழுத்துக்கொண்டார். அவருக்கு ஆர்வம் பிடித்துவிட்டது. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு, குப்பைக்குப் போக வேண்டிய அந்தப் பழைய கியர் பாக்ஸைப் பிரித்து, உள்ளே அடுக்கியிருந்த தட்டுகளை ஒரு துணியின் மேல் வரிசையாக வைத்தார். "இதெல்லாம் முன்னாடி போறதுக்கு. எப்படி இருக்கு பாரு, இன்னும் ரெண்டு கல்யாணம் பண்ணிக்கலாம். இது ரிவர்ஸ்." அந்தத் தட்டுகள் கரியாகி, இரும்பு தெரிந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ரிவர்ஸ் போடப் போறாங்க? இது மட்டும் ஏன் கருகணும்? பாக்ஸோட கோளாறு இல்ல இது. நியூட்ரல்ல வெச்சு, நல்லா ரேஸ் குடுத்து, படார்னு ரிவர்ஸ்ல போட்டா இப்படித்தான் ஆகும். யாரோ வேணும்னே பண்ண மாதிரி இருக்கு. உன் கொழுந்தன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை."

அவளுக்கு அது காதில் விழுந்தது. ஆனால் விழுந்ததை எடுத்துப் பார்க்க அவள் தயாராக இல்லை. சின்னவனாவது, வேண்டுமென்றாவது! எறும்பு மேல் கால் படாமல் தாண்டிப் போகிறவன் அவன். மெக்கானிக்குகளுக்கு எப்போதும் ஓட்டுகிறவன் மேல்தான் சந்தேகம் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

புதிதாக வந்ததை மாட்டும்போது தும்மல் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். கன்வர்ட்டருக்குள் ஆயில் ஊற்றி, கியர் பாக்ஸின் வாயில் பொருத்தி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளினார். "இது முழுசா உக்காராம போல்ட்டை முடுக்கினா உள்ள இருக்கற பம்ப் நொறுங்கிடும். கண்ணுக்குத் தெரியாது. காதுக்கும் கேக்காது. கையை வை." அவள் உள்ளங்கையை வைத்துச் சுற்றினாள். ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கியது. "இன்னும் இருக்கு." இன்னும் சுற்றினாள். மறுபடி இறங்கியது. தும்மல் தலையை ஆட்டவில்லை. கடைசியாக, அவள் எதிர்பார்க்காத நேரத்தில், அந்தக் கனமான சாமான் தானாக உள்ளே போய் அமர்ந்தது. கைக்கு அது தெளிவாகத் தெரிந்தது. "அவ்வளவுதான். கை ஒரு தரம் கத்துக்கிட்டா மறக்காது" என்றார்.

மதியத்துக்கு மேல் எல்லாம் சேர்ந்துவிட்டது. ரேடியேட்டர் பக்கம் போகும் குழாய்களில் பழைய கரி தங்கியிருந்தால் புதியதையும் கெடுத்துவிடும் என்று கழுவி ஊதினார். புது ரப்பர் போட்டார். சாக்பீஸ் கோடுகள் சேர்ந்தன. ஆயில் ஊற்றி, இஞ்சினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்தார். பிறகு சாவியை அவளிடமே நீட்டினார்.

ஒர்க்ஷாப் வாசலில் கொஞ்ச தூரம் முன்னே போய் நிறுத்தி, அவள் ரிவர்ஸ் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. மறுபடி முன்னால், மறுபடி ரிவர்ஸ். ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அவள் அழுதாள். சந்தோஷம்தான். சந்தோஷம் மட்டும்தானா என்று கேட்டால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

சின்னவன் வந்து, புது கியர் பாக்ஸைப் பற்றி ஒன்றும் கேட்காமல், கடைசி இரண்டு மெத்தைகளை இறக்கிவிட்டு வருவதாகச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவள் வீட்டுக்கு நடந்தாள். முகம் கழுவி, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, நல்ல உறையாக ஒன்றை எடுத்து நேர்க்கோட்டில் தைக்க ஆரம்பித்தாள். இன்றைக்குக் கோணாது.

வெயில் இறங்கியது. தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம். கேட்டின் இரும்பு உரசும் சத்தம். டயருக்கு அடியில் ஜல்லி நெரியும் சத்தம். அப்புறம் ஒரு நிசப்தம். அவள் பெடலை விடாமல் மிதித்தாள்.

'டொம்.'

கதவு நிலை அதிர்ந்தது. கண்ணாடி நடுங்கியது. அவள் உடம்பில் ஒரு மயிர் பாக்கியில்லாமல் சிலிர்த்து நின்றது. பழையது ஒர்க்ஷாப் மூலையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது, அதை அவள் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அப்படியானால் இப்போது முற்றத்தில் இருப்பது யார்? பின்கட்டில் நாற்காலி நகர்ந்தது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

அவள் வெளியே ஓடினாள். ஓட்டுகிற சீட்டில் சின்னவன்தான் இருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணை மூடி, வீட்டுக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். தட்டுச் சத்தம் வந்ததும் அவன் தோள் தளர்ந்தது. கண்ணைத் திறந்தால் எதிரில் அண்ணி.

"நீதானா?" என்றாள். "இத்தனை நாளும் நீதானா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"தலையைச் சொறியாதே! வாயைத் திறந்து பேசு."

"அண்ணன் போன புதுசுல அம்மா ஒண்ணுமே சாப்பிடலை அண்ணி. நீங்க எவ்வளவு கெஞ்சினீங்க. ஒரு நாள் எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, ஆக்ஸிலேட்டர்ல கால் இருக்கறது தெரியாமலே ரிவர்ஸ் போட்டுட்டேன். சத்தம் அப்படியே அண்ணன் போடற மாதிரி வந்துச்சு. உள்ள வந்து பாத்தா அம்மா எழுந்து வந்து தட்டு போட்டு உக்காந்திருக்காங்க." அவன் மூச்சு வாங்கினான். வாழ்க்கையில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசியது அப்போதுதான். "மறுநாள் போடாம விட்டுப் பாத்தேன். எழுந்திரிக்கலை. அதுக்கப்புறம் எப்படி அண்ணி விட முடியும்?"

"என்னை ஒரு தடவை நினைச்சுப் பாத்தியா? தினமும் நான் உள்ளே செத்துச் செத்து எழுந்திரிக்கிறேன்டா."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நினைத்துப் பார்க்கவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அதே சமயம் அவனைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் உள்ளே போய், அலமாரியின் மேலிருந்த பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்தாள். நான்கு புடவைகளை அதில் எறிந்தாள். அக்காவுக்குக் கொடுத்த வார்த்தை, வார்த்தைதான்.

மறுநாள் காலையில் அவள் கோணல் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் அவர் வருவதே இல்லை. உறையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார்.

"பெட்டி இறங்கியிருக்கே" என்றார்.

மறைத்துப் பேச அவளுக்குத் தெம்பு இல்லை. "அத்தை, அந்தச் சத்தம் அவர் இல்லை. சின்னவன் வேணும்னே போடறான். நீங்க எழுந்திரிக்கணும்னு."

"தெரியும்."

நூல் பிரிக்கிற ஊசி அவள் விரலில் குத்தியது.

"பெத்தவளுக்குத் தெரியாதா? பெரியவனுக்கு எதுலயும் பொறுமை கிடையாது. வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுவான். சத்தம் முதல்ல வரும், வண்டி அப்புறம் நிக்கும். சின்னவன் பயந்தவன். நிறுத்திட்டு, ஒரு உறுமு உறுமிட்டு, அப்புறம் போடறான்." மாமியார் உறையின் மடிப்பை நீவினார். "முதல் நாள் ஏமாந்துட்டேன், இல்லைங்கலை. ஓடிப்போய்த் தட்டை வெச்சுட்டுக் காத்திருந்தேன். அடுத்தது வரவே இல்லை. அப்பத்தான் புரிஞ்சுது."

"அடுத்ததா? என்னது அத்தை?"

"சத்தத்துக்கு அப்புறம் பெரியவன் ஒண்ணு செய்வான். வண்டியை விட்டு இறங்கினதும். உனக்குத் தெரிஞ்சிருக்காது, நீ மெஷினை ஓட்டிக்கிட்டிருப்ப. ஷெட்டை ஒட்டி இருக்கற என் ரூமுக்குத்தான் கேக்கும்." வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது என்னன்னு சொல்ல மாட்டேன். சொன்னா இந்தப் பையன் அதையும் செய்ய ஆரம்பிச்சிடுவான். எனக்குன்னு அது ஒண்ணாவது மிச்சம் இருக்கட்டும்."

"அப்போ தெரிஞ்சே தினமும் எழுந்திரிச்சீங்களா?"

"அன்னைக்கு நான் தட்டு வெச்சதைப் பாத்துட்டு வாசல்ல நின்னான் பாரு, அவன் மூஞ்சி! அத்தனை நாள்ல அன்னைக்குத்தான் அவன் மூஞ்சியில உயிரே வந்துச்சு. நான் எழுந்திரிக்கலைன்னா அவன் ஒடிஞ்சு போயிடுவான்மா. எனக்கு இறங்கலைன்னாலும் முழுங்கறேன்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "உன் சங்கதி எனக்கும் தோணலை. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம், நடுவுல உன்னை விட்டுட்டோம்."

அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஒரு வருஷமாக மகன் அம்மாவுக்காக இடிக்கிறான், அம்மா மகனுக்காக எழுகிறாள், இந்தக் கூத்துக்கு ஒரு கியர் பாக்ஸ் கரியாகியிருக்கிறது. தும்மலிடம் சொன்னால் தும்மலே நின்றுபோகும்.

"இன்னைக்கு அந்தச் சத்தம் வராது அத்தை" என்றாள். "நான் வண்டியை ஓட்டிக்கிட்டு வரப் போறேன். நீங்க அதுக்கெல்லாம் எழுந்திரிக்க வேண்டாம். பசிச்சா சாப்பிடுங்க."

மாமியார் பிரித்த நூலை விரலில் சுற்றினார். "சரி. அவன்கிட்டயும் நீயே சொல்லிடு. எனக்கு வராது" என்றார்.

அன்று முழுவதும் அவள் சின்னவனோடு சுற்றினாள். மெத்தைகளின் ஒரு முனையை அவள் பிடித்தாள். திரும்பும்போது, "சாவியைக் குடு" என்று வாங்கிக்கொண்டாள். கணவர்தான் அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். சொல்லிக்கொடுத்த லட்சணத்தில் இரண்டு பேரும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். வழியில் சின்னவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அம்மாவுக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். மாமியார் சொல்லாமல் வைத்துக்கொண்டதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தெரு மூன்று திருப்பம் திரும்பும் வரைக்கும் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

கேட்டுக்குள் நுழைந்தார்கள். அவள் வண்டியை முழுசாக நிறுத்தினாள். பிரேக்கை அழுத்தி மிதித்து, ஒரு மூச்சு விட்டு, ரிவர்ஸ் போட்டாள். வண்டி முனகாமல் பின்னால் போய் ஷெட்டுக்குள் நின்றது. இஞ்சினை அணைத்தாள்.

வீட்டுக்குள் ஒன்றும் அசையவில்லை. அந்த அமைதி இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அந்த 'டொம்'மோடு தினமும் ஒரு நொடியாவது அவர் வந்துகொண்டிருந்தார். இனி அந்த நொடியும் கிடையாது. தானே கேட்டு வாங்கிய அமைதிதான், ஆனாலும் தாங்கவில்லை.

"அம்மா எழுந்திரிக்கலை" என்றான் சின்னவன் கிசுகிசுப்பாக.

"எழுந்திரிக்க வேண்டாம். இறங்கு."

அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். மாமியாரிடம் என்ன பேசுவது, பெட்டியை மூடுவதா திறப்பதா என்று யோசித்தபடி வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி நடந்தாள். நடக்கிற போக்கில் அவளுடைய வலது கை உயர்ந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியது. வேலை முடிந்த மாட்டை முதுகில் தட்டிக்கொடுப்பதைப் போல, லேசாக ஒரு தட்டு. தகடு சூடாக இருந்தது. அந்தச் சூடு பட்ட பிறகுதான் தட்டியது தன் கை என்றே அவளுக்குத் தெரிந்தது.

உள்ளே நாற்காலி கவிழ்ந்து விழுந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற நடை இல்லை அது. வெறுங்காலோடு ஒரு ஆள் ஓடி வரும் சத்தம். பின்கட்டைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, தையல் மெஷினைத் தாண்டி மாமியார் வாசற்படியில் வந்து நின்றார். ஒரு வருஷமாக அவர் அந்த வாசலுக்கு வந்ததில்லை. முதலில் ஓட்டுகிற சீட்டைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. அப்புறம் மருமகளைப் பார்த்தார். கடைசியில் பானெட்டின் மேலிருந்த அவள் கையைப் பார்த்தார்.

யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. கணவரோடு வண்டியில் போய் இறங்கிய நாளிலெல்லாம் அவர் இப்படித் தட்டிவிட்டுத்தான் நடப்பார். பின்னாலேயே வரும் அவளும் விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டுவாள். அதை அவள் மறந்தே போயிருந்தாள். கை மறக்கவில்லை.

"நான்தான் அத்தை" என்றாள். "நான்தான். வேணும்னு செய்யலை."

மாமியார் படியிறங்கி வந்தார். அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் அந்தத் தகட்டின் மேல் வைத்தார். வாய் கோணி, ஒரு வருஷமாக வராத அழுகை அவருக்கு வந்தது. சத்தமில்லாத அழுகை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"என்னாச்சு?" என்றான் சின்னவன் அந்தப் பக்கத்திலிருந்து. "அம்மா ஏன் ஓடி வந்தாங்க? நீங்க சத்தமே போடலையே அண்ணி. என்னாச்சு?"

மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் மாமியாரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை" என்றாள் அவள். "பசிக்குதாம். போய்த் தட்டெல்லாம் எடுத்து வை. மூணு."

சாப்பிட்டு முடித்து, பெட்டியிலிருந்த புடவைகளை அவள் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"என்னடி, சத்தம் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு அக்கா."

"அப்போ அங்கேயே இருந்துடுவியா?"

அவள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். தகட்டின் சூடு எப்போதோ ஆறியிருக்க வேண்டும். அவர் நினைவு வண்டியில் இருந்த வரைக்கும் அதை விட்டுவிட்டு எங்கேயாவது போயிருக்கலாம். கையில் இருப்பதை எந்த ஊரில் கொண்டுபோய் விடுவது?

"இங்கேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அந்தக் கையை மெல்ல மூடிக்கொண்டாள்.